ஏழாவது பங்கு

எனக்கு வெந்தய வாசனை என்றால் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை. இட்லிக்கு அரிசியோடு வெந்தயம் ஊறப்போட்டால் பாத்திரத்தை மூடிவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டேன். என் கணவர் கொஞ்ச நாள் கிண்டல் செய்து பார்த்தார். நடந்ததை முழுசாகக் கேட்ட பிறகு, வெந்தயம் இல்லாமலும் இட்லி வரும் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஷார்ஜாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ரோட்டைக் கடக்கும்போது கணவரின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன். விசா புதுப்பிக்க மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போனால், ஒரு வியாதியும் இல்லாத எனக்கு, முடிவு வரும்வரை சாப்பாடு இறங்காது. ஆனால் லேப் டெக்னீசியன் வேலைக்குப் பயம் நல்லது என்பது என் கட்சி. தைரியசாலிகள் ரத்தக் குழாயில் ஒட்டியிருக்கும் நம்பரை ஒருமுறைதான் பார்ப்பார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். 'விடுங்க, பார்த்துக்கலாம்' என்று சொல்கிற ஆட்களோடு எனக்கு என்றைக்குமே ஒத்துப்போனதில்லை.

நான் வேலை பார்க்கும் கிளினிக் ஷார்ஜாவின் முவைலா பகுதியில் இருக்கிறது. கீழே ஒரு கஃபட்டீரியா, பக்கத்தில் ஒரு சலூன், மேலே நாங்கள். ஒரு மூலிகை மருந்துக் கம்பெனி எங்கள் டாக்டரிடம் ஒரு சோதனையை ஒப்படைத்தது. வெந்தயம், பூண்டு, மருதம்பட்டை மூன்றின் சாற்றையும் வற்றவைத்துத் தூளாக்கி கேப்சூலில் அடைத்திருந்தார்கள். ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை அது குறைக்கிறதா என்று மனிதர்களிடம் பார்க்க வேண்டும். எலிகளிடம் குறைத்துவிட்டதாம். எங்கள் டாக்டர் எகிப்துக்காரர், நிதானமான மனிதர். அவர் சோதனைக்கு, தொழிலாளர்கள் தங்கும் ஒரு லேபர் கேம்ப்பைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஆட்கள் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே மாதிரி சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் டியூட்டிக்குப் போகிறார்கள். புரோட்டாவும் பொரித்த கோழியுமாகப் பலருக்குக் கொழுப்பு ஏறியும் கிடந்தது. தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் பேசுவேன் என்பதால், ஆட்களுக்கு விளக்கிச் சொல்வது, ரத்தம் எடுப்பது, கேப்சூல் கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது.

விளக்கிச் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பாதிப் பேருக்கு உண்மையான கேப்சூல், பாதிப் பேருக்கு வெறும் தவிடு அடைத்தது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். முன்கூட்டித் தெரிந்தால் மனசு தன் பங்குக்கு ஏதாவது செய்து முடிவைக் கெடுத்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதைச் சொன்னபோது கேம்ப்பின் டிவி ஹாலில் ஒரே முணுமுணுப்பு. ஒருவர் கையைத் தூக்கி, "அப்ப தவிடு திங்கிறவனும் நேரந்தவறாமத் திங்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்படிக் கேட்டவர் ஒரு ரூமின் மெஸ் பொறுப்பாளர். கடலூர்ப் பக்கம். அந்த ரூமில் ஏழு பேர், ஏழு பேரும் தமிழர்கள். அரிசி வாங்குவது, சமையல் முறை போடுவது, ஊரிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் பங்கு வைப்பது எல்லாம் அவர் கையில். லீவு முடிந்து வருகிறவரின் பெட்டியை அவர்தான் திறப்பார் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். ஏழு பேருமே சோதனைக்குப் பெயர் கொடுத்தார்கள்.

ஏழாவதாக வந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, முகத்தில் வெயில் குடித்த கறுப்பு. உயரமான கட்டடங்களுக்கு இரும்புச் சாரம் கட்டுவது அவர் வேலை. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். இல்லை என்றார். ரத்தம் எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னேன். மற்றவர்களுக்கு உடனே நின்றுவிடும். அவருக்குப் பஞ்சு நனைந்தது. இன்னொரு பஞ்சு வைத்தேன், அதுவும் நனைந்தது.

"அண்ணே, நெசமாவே எந்த மாத்திரையும் இல்லையா?" என்று மறுபடி கேட்டேன்.

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "போன லீவுல கால்ல ரத்தம் கட்டிப்போச்சு சிஸ்டர். ஊரு டாக்டரு ஒரு மாத்திரை குடுத்தாரு, ரத்தம் உறையாம இருக்க. நிறுத்தக் கூடாதுன்டாரு. சத்து மாத்திரை டப்பாவுல போட்டுக் கொண்டாந்துருக்கேன்."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மேல ஏத்த மாட்டாக. மேல ஏத்தலைன்னா ஊருக்கு ஏத்தி விட்டுருவாக. நீங்க தமிழாளுன்னுதான் வாயத் தொறந்தேன். யாருகிட்டயும் சொல்லிப்புடாதீக."

ரத்தம் உறையாத உடம்போடு ஒரு மனிதர் தினமும் அந்தரத்தில் நின்று இரும்புக் குழாய் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்தே என் பயம் தொடங்கிவிட்டது. மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவரைச் சேர்க்கவே கூடாது என்று டாக்டர் உடனே சொல்லிவிட்டார். வெந்தயமும் பூண்டும் அந்த மாத்திரையோடு கூட்டுச் சேர்ந்தால் ரத்தம் இன்னும் நீர்த்துப்போகலாம். நோயாளி நம்மிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான். அவரைக் கிளினிக்குக்கு வரச் சொல், ரத்தத்தை அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளச் சொல், உயரத்தில் ஏற வேண்டாம் என்று சொல் என்றார்.

எல்லாவற்றையும் நான் அவரிடம் சொன்னேன். இந்த கேப்சூல் உங்களுக்கு ஆகவே ஆகாது, அந்த மாத்திரையோடு இது சேரக் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். மண்டையை மண்டையை ஆட்டினார். உயரத்தில் ஏறாதீர்கள் என்றபோது மட்டும் சிரித்தார். "ஏறாம, பெறகு எதுக்கு சிஸ்டர் இங்கிட்டு வந்தேன்?"

மற்ற ஆறு பேரும் விடவில்லை. கேப்சூல் டப்பாக்களைக் கொடுக்கப் போனபோது மெஸ் பொறுப்பாளர் கேட்டார். "எங்காளு ஒருத்தரை மட்டும் ஏன் சிஸ்டர் தள்ளிட்டீங்க? கொழுப்பு அவருக்குந்தான இருக்கு?"

"அவருக்கு இது ஒத்து வராதுங்க."

"வெந்தயம் யாருக்காவது ஒத்து வராம போவுமா?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். சாரக்காரர் அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு அவர் கிளினிக்குக்கு வரவில்லை. இரண்டொரு தடவை போன் செய்தேன், டியூட்டியில் இருக்கேன் சிஸ்டர், பெறகு வாரேன் என்றார். வாரங்கள் ஓடின. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான நாள் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்களெல்லாம் வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில், சாமான்களோடு கேம்ப்புக்குப் போனேன்.

டிவி ஹாலில் மேஜை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தேன். நல்ல வெக்கை. ஏசி பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஆள் சட்டைக் கையை மடித்தபோது வெந்தய வாசனை வந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. வெந்தயச் சாறு கூடுதலாக உள்ளே போனால் வியர்வையிலேயே அந்த வாசனை வரும். ஓகோ, இவருக்கு உண்மையான கேப்சூல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கக் கூடாதுதான், மூக்கை என்ன செய்வது? இரண்டாவது ஆளுக்கு இல்லை. மூன்றாவது ஆளுக்கு இருந்தது. வேறு ரூம் ஆட்கள் வந்தார்கள், சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மெஸ் பொறுப்பாளரின் ரூம் ஆட்கள் வந்தார்கள். ஆறு பேர். ஆறு பேரிடமும் ஒரே வாசனை. லேசாக, ஆனால் எல்லோரிடமும்.

இவர்களில் யாராவது சிலருக்காவது தவிடு போயிருக்க வேண்டும். தவிடு தின்றால் வாசனை வராது. ஒருவேளை ரூமில் வெந்தயக் குழம்பு வைத்தார்களோ என்று கேட்டேன். இல்லை, நேற்று கறி என்றார்கள். கடைசியாக மெஸ் பொறுப்பாளர் உட்கார்ந்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "உங்க உங்க டப்பாவுல இருக்கறதத்தான் சாப்பிடறீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சொன்னார். "எங்க ரூம்ல தனித்தனின்னு எதுவுமே கெடையாது சிஸ்டர். பாதி நல்லது, பாதி தவிடுன்னு நீங்கதான சொன்னீங்க? எவனுக்குத் தவிடுன்னே தெரியாது. ஒரு ரூம்ல இருந்துகிட்டு ஒருத்தன் நல்லதத் தின்னு, ஒருத்தன் தவிட்டத் தின்னா நல்லாவா இருக்கும்? வந்த அன்னைக்கே எல்லாத்தையும் ஊறுகா பாட்டில்ல கொட்டிக் கலக்கிட்டேன். சாப்பாடு முடிஞ்சதும் பாட்டில் சுத்தி வரும். ஆளுக்குப் பங்கு சமமாப் போயிடும்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போதுகூடச் சோதனை கெட்டுப்போயிற்றே என்ற கவலைதான். ஆறு பேரின் ரத்தமும் வீண், டாக்டரிடம் திட்டு வாங்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே, "ஆறு பேரும் அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆறு இல்ல சிஸ்டர், ஏழு. நீங்க தள்ளிட்டீங்கன்னு நாங்க தள்ள முடியுமா? அவருக்கும் சேத்துத்தான்."

என் கையிலிருந்த ஊசியை மேஜையில் வைத்தேன். சாரக்காரர் எங்கே என்று கேட்டேன். ஓவர்டைமுக்காக சைட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். போன் போடுங்கள் என்றேன். "சைட்ல போன் மாஃபி, கெடையாது சிஸ்டர், லாக்கர்ல வச்சிட்டுத்தான் மேல ஏறணும்." அப்படியும் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். நிதானமான மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அவர் குரலில் நிதானமில்லை. "முதலில் அவனைக் கீழே இறக்கு. தலையில் அடிபட்டால் முடிந்தது. அடிபடாமலேகூட உள்ளே கசியலாம். நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போ. யல்லா, யல்லா, சீக்கிரம்."

மெஸ் பொறுப்பாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சிஸ்டர், பெரிய வியாதியா?"

"ரத்தத்துல ஒரு சின்னக் கோளாறு. நேர்ல பாக்கணும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. பங்கு வைத்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சைட்டிலிருந்து ஒரு ஆளை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் இல்லாமல் முடியாது. அவர் பெஷாவர்க்காரர், கண்டிப்பானவர், கெட்டவரில்லை. ஒரு ஆளை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றதும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மெஸ் பொறுப்பாளரும் ஏறிக்கொள்ள, மூன்று பேரும் வேனில் போனோம். வழியெல்லாம் கேம்ப் பாஸ் இந்தியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார், ஆளுக்கு என்ன ஆச்சு சிஸ்டர் என்று. தெரியவில்லை பாய், பரிசோதித்தால்தான் தெரியும் என்று நானும் ஒரே பதிலைச் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாத நாக்கு எனக்கு. ஒவ்வொரு தடவையும் குளறியது.

சைட் கேட்டில் எங்களை உள்ளே விடவில்லை. ஹெல்மெட், ஷூ, நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை. உள்ளே தகவல் சொல்கிறோம், நில்லுங்கள் என்றார் காவலுக்கு நின்ற நேபாளி. நின்றேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டடம் எழும்பி நின்றது. அதைச் சுற்றிலும் இரும்புச் சாரம். அதில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே அளவு, ஒரே நிறம். அதில் எவர் அவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவர் ஒரு கையை விட்டுக் குனிந்தால் என் உயிர் போய்வந்தது. எங்கோ சாரக் குழாயைப் பூட்டும் ஒரு இரும்புக் கிளாம்ப் விழுந்தது. டங்கென்று சத்தம் கேட்டதும் நான் கேம்ப் பாஸின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை சிஸ்டர், தினமும் விழுவதுதான் என்றார்.

வாழ்க்கையில் எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன். அவற்றில் பாதி வெட்டிப் பயம் என்று எனக்கே தெரியும். அன்று கேட்டில் நின்றபோது வந்தது அந்த ரகமில்லை. ஒரு மனிதர் செத்துப்போகக்கூடும், அது ஏன் என்று இந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை உரக்கச் சொல்லவும் முடியாது.

கடைசியில் அவர் வந்தார். தன் காலால் நடந்துதான் வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற கேம்ப் பாஸைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"நீங்க எதுக்கு சிஸ்டர் இங்கிட்டு வந்தீக?"

பேசியபோது பற்களுக்கிடையில் சிவப்பாகத் தெரிந்தது. வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டேன். இல்லை, பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வருகிறது, அவ்வளவுதான் என்றார். சட்டைப் பித்தானைத் திறந்து காட்டச் சொன்னேன். இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு பெல்ட் அழுத்துகிற இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. மெஸ் பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேனில் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேம்ப் பாஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முன்னால் மெஸ் பொறுப்பாளர் இருந்தார். அதனால் மெதுவாகத்தான் கேட்டேன். "நான்தான் அவ்வளவு சொன்னேனே. ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏண்ணே சாப்பிட்டீங்க?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "சோறு தின்னதும் பாட்டிலு கைக்குக் கை வரும். எனக்கு வேணாம்னா ஏன்டு கேப்பாக. ஒரு நா வயித்துவலின்னு சொல்லலாம், ரெண்டு நா சொல்லலாம். பெறகு என்னத்தச் சொல்ல? ஒருத்தன் வேணாங்கிறான்னா அவனுக்குள்ள எதோ இருக்குன்டு தெரிஞ்சுபோகும். ரூமுல தெரிஞ்சா கேம்ப்புல தெரியும்."

நான் வாயை மூடிக்கொண்டது அவருக்காக. அந்த ஆறு பேர் பங்கு வைத்ததும் அவருக்காக. யார்மேல் கோபப்படுவது? ஆனாலும் கோபம் வந்தது. மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லியே ஊரைப் பழக்கிவைத்தவர்கள்மேல் வந்தது. நோயைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்துவைத்தால்தான் இங்கே நாலு காசு பார்க்க முடியும் என்று ஆக்கிவைத்தவர்கள்மேலும் வந்தது.

"காலையிலேருந்து ஒரே தலைவலி. வெயிலுன்னு நெனச்சேன்" என்றார் அவர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. டிரைவர் சீட்டைத் தட்டி, ஜல்தி பாய், ஜல்தி என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நிரம்பியிருந்தது. திரைச்சீலை போட்ட ஒரு கட்டிலில் அவரைப் படுக்கவைத்தார்கள். டியூட்டி டாக்டர் இளைஞர், சிரியாக்காரர். எங்கள் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தால், என் போனில் அழைப்பே போகவில்லை. மெஸ் பொறுப்பாளரை வெளியே நிறுத்திவிட்டார்கள். கேம்ப் பாஸை நானும் வெளியே இருக்கச் சொல்லிப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கார்டு என்னிடம் இருக்கிறது, ஆளுக்கு நான்தான் பொறுப்பு, நான் எப்படிப் போவது என்று கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டார். அதுவும் நியாயம்தான்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் மாற்றினேன். எங்கே வேலை, எத்தனை நேரம் வெயிலில் நின்றார், எப்போதிலிருந்து தலைவலி. வெயில் காலத்தில் இந்த மாதிரி ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் தலைவலியோடு அவரிடம் வந்துகொண்டேயிருப்பார்கள் போலிருந்தது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பலாம் என்று பக்கத்து நர்ஸிடம் சொல்லிக்கொண்டே, ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

நான் கேட்டேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். ஒரு முறை கேம்ப் பாஸைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த மாத்திரையும் சாப்பிடலைன்னு சொல்லுங்க சிஸ்டர். அந்த வெந்தயக் கேப்சூலு மட்டுந்தேன்னு சொல்லுங்க. ரெண்டு புள்ளைக காலேஜு படிக்குதுக."

டாக்டர் காத்திருந்தார். கேம்ப் பாஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை என் கையை அழுத்திக்கொண்டிருந்தது, இரும்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் சொன்னதை அப்படியே சொன்னால் குளுக்கோஸ் ஏற்றிக் கேம்ப்புக்கு அனுப்புவார்கள். நாளைக் காலை அவர் மறுபடி சாரத்தில் ஏறுவார், அல்லது எழுந்திருக்கவே மாட்டார். உள்ளதைச் சொன்னால் அவர் கெஞ்சிக் கேட்ட ஒன்றை அவர் கண்முன்னாலேயே உடைத்தவள் ஆவேன். இரண்டுக்கும் பயந்தேன். எது பெரிய பயமோ அதன் பக்கம் சாய்ந்தேன், அவ்வளவுதான். இதில் தைரியம் என்று எதுவுமில்லை.

ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஊரிலிருந்தே சாப்பிட்டுவருகிறார், அதோடு பல வாரங்களாகப் பூண்டும் வெந்தயமும் கலந்த மூலிகைக் கேப்சூலும் சாப்பிட்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மாத்திரையின் பெயரையும் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்தார். அவர் குரலே மாறிவிட்டது. ரத்தத்தை உடனே எடுக்கச் சொன்னார், தலைக்கு ஸ்கேன் சொன்னார், ஏதோ ஊசியைத் தயார் செய்யச் சொன்னார். கேம்ப் பாஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

நான் சொன்னது ஆங்கிலம். ஆனால் மாத்திரையின் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான். கட்டிலில் கிடந்தவருக்கு அது புரிந்துவிட்டது.

"சொல்லிட்டீக" என்றார்.

"சொல்லிட்டேண்ணே."

அவர் என் கையை விட்டார். நர்ஸ் ஊசியோடு வந்தபோது, தானாகவே சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

தலைக்குள் ஒரு ஓரமாகக் கசிவு தொடங்கியிருந்தது. சின்னதுதான். ரத்தத்தை மறுபடி உறையவைக்க மருந்து ஏற்றினார்கள், கசிவு நின்றது. அப்படியே அனுப்பியிருந்தால் அன்றிரவு தாண்டியிருக்காது என்று அந்த டாக்டர் எங்கள் டாக்டரிடம் சொன்னாராம். அந்தக் கேம்ப்பில் சோதனையை நிறுத்திவிட்டோம். அந்த ஆறு பேருக்கும் கொழுப்பு கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. யார் எவ்வளவு தின்றார் என்றே தெரியாதபோது அதை வைத்து ஒரு மண்ணும் சொல்ல முடியாது. மெஸ் பொறுப்பாளர் கிளினிக்குக்கு வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்போமா சிஸ்டர்?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்ல முடியாமல் இருந்ததுதான் கதையே. அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாரக்காரருக்கு மெடிக்கல் அன்ஃபிட் என்று வந்தது. கலாஸ், எல்லாம் முடிந்தது, விசா கேன்சல். போகும் அன்று கேம்ப் பாஸே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வரை போனார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. போய் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. அவரும் எனக்குப் போன் செய்யவில்லை.

சில மாதம் கழித்து, கிளினிக்கில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், ஊர் நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"அந்த ரத்தம் எடுக்குற சிஸ்டர் நீங்கதானா?"

ஆமாம் என்றேன். சாரக்காரரின் மனைவி என்று கேட்காமலே தெரிந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு சொல்லிட்டீகளாமே. அவரு சொன்னத அப்படியே சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சுபோயிருக்கும்? பெரியவ படிப்ப நிறுத்திட்டு ஜவுளிக்கடைக்குப் போறா. உங்களுக்குத் தெரியணும்னுதான் நம்பரு வாங்கிப் போட்டேன்."

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஸ்கேனில் தெரிந்ததை, அன்றிரவு தாண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லியிருக்கலாம். அவளிடம் அவர் அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சொல்லாததை நான் இன்னொரு முறை சொல்வதா? போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. தெளிவாக, கொஞ்சம் அதட்டலாக, சோற்றுக்கு உட்கார்ந்தவரின் குரல். "யாரு போன்ல?"

"யாருமில்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவள் போனை வைத்தாள்.